அம்பத்தூர்–சிறுசேரி, 58 கி.மீ. டார்க் ஃபைபர்: எல்லா விலேனையும் நீட்டிடலாமா?

ரேக்_காவலன்:

வணக்கம். எங்க கம்பெனி சர்வர்கள் எல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டேட்டா சென்டரில், வாடகை ரேக்குகளில் ஓடிட்டிருக்கு. இப்போ சிறுசேரி சிப்காட்டில் இன்னொரு டேட்டா சென்டரில் ரெண்டு ரேக் எடுத்திருக்கோம். நடுவில் டார்க் ஃபைபர் (முனைக் கருவியை நாமே மாட்டிக்கிற வெறும் கண்ணாடி இழை) ரெண்டு ஜோடி, ரெண்டு வேற வேற ஐபி-1 கம்பெனிகளிடம் (ஃபைபர் மாதிரி கட்டமைப்பை வாடகைக்கு விடறவங்க) குத்தகை. ஒண்ணு கோயம்பேடு, கிண்டி, ஓஎம்ஆர் வழியா 58 கி.மீ. இன்னொண்ணு மதுரவாயல் பைபாஸ், வண்டலூர், கேளம்பாக்கம் சுத்தி 74 கி.மீ. ஒப்படைச்சப்போ கொடுத்த ரிப்போர்ட்படி 1550 நானோமீட்டரில் இழப்பு முதல் ஜோடிக்கு 15.2 டெசிபெல், ரெண்டாவதுக்கு 19.6.

மேலிடத்து உத்தரவு ஒரே வரி: எந்த விஎம்மையும் (சர்வருக்குள்ள ஓடற மெய்நிகர் மெஷின்) எந்தப் பக்கத்துக்கும் ஐபி மாத்தாம நகர்த்த முடியணும்.

என் திட்டம்: ரெண்டு பக்கமும் கோர் சுவிட்சில் 10ஜி மாட்யூல் போட்டு, ரெண்டு லிங்கையும் ட்ரங்க் (பல விலேனைச் சுமக்கிற லிங்க்) ஆக்கி, இப்போ இருக்கிற 34 விலேனையும் (சுவிட்சுக்குள்ள பிரிச்சு வெச்ச தனித்தனி நெட்வொர்க்) அப்படியே சிறுசேரிக்கு விட்டுடறது. லூப் (டேட்டா வட்டமா சுத்தறது) வராம ஸ்பானிங் ட்ரீ (உபரிப் பாதையை மூடி வைக்கிற நெறிமுறை) பார்த்துக்கும். கேட்வே (ஒரு விலேனிலிருந்து வெளியே போற வாசல்) இப்போ மாதிரியே அம்பத்தூர் கோரில்.

ஸ்டோரில் இஆர் மாட்யூல் சும்மா கிடக்கு, அது போதுமா, இல்ல இன்னும் தூரம் போற இசட்ஆர் வாங்கணுமா? நீளம் வேற வேறயா இருக்கிற ரெண்டு லிங்கை எல்ஏசிபியில் (பல லிங்கை ஒண்ணாக் கட்டற முறை) சேர்க்கலாமா? தாமதத்தால் ஈஆர்பி (கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் ஓடற மென்பொருள்) அடிவாங்குமா? என் அனுபவமெல்லாம் சர்வர் பக்கம். ஃபைபர் எனக்குப் புதுசு, அதனால சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க.

நெட்வொர்க்_நாதன்:

தாராளமா போடுங்க பாஸ். நாங்களும் ரெண்டு சைட்டை இப்படித்தான் ட்ரங்க் போட்டு ஓட்டறோம். இசட்ஆர் வாங்குங்க, எல்ஏசிபியில் கட்டுங்க, ரெண்டு பக்கமும் விலேன் லிஸ்ட்டை காப்பி பேஸ்ட் பண்ணுங்க, முடிஞ்சது. ஒரு சாயந்திர வேலை. இங்க இனி ஒருத்தர் வந்து இவிபிஎன், விஎக்ஸ்லேன்னு ஐபி மேல விலேனை நீட்டற வழியெல்லாம் சொல்லிப் பயமுறுத்துவார் பாருங்க.

பழைய_ஸ்ப்ளைசர்:

அந்த ஒருத்தர் வந்துட்டேன்.

நான் முதலில் ஃபைபர் ஜாயின்ட் போடற வேலையில இருந்து, அப்புறம் நெட்வொர்க் பக்கம் வந்தவன். அதனால கண்ணாடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இஆர் ஆகாது. அது 40 கி.மீ. மாட்யூல். தூரத்தை விட்டுட்டு பவர் கணக்கே பார்ப்போம். மோசமான இஆர் மாட்யூல் −4.7 டிபிஎம்மில் (ஒளி சக்தியோட அளவு) அனுப்பும், எதிர்ப்பக்கம் −15.8 வரைதான் படிக்கும். கையில இருக்கிறது 11.1 டெசிபெல், உங்க நல்ல ஜோடியே 15.2 தின்னுது. லிங்க் ஏறவே ஏறாதுன்னு சொல்ல மாட்டேன், நல்ல மாட்யூலா அமைஞ்சா ஏறலாம். ஏறினா அது இன்னும் ஆபத்து, ஏன்னா ஏதோ ஒரு மே மாச மத்தியானம் விழும். இசட்ஆர்ல வழக்கமா அனுப்பறது 0 முதல் +4, படிக்கிறது −24 வரை. 24 டெசிபெல் கையில. முதல் ஜோடிக்கு 8.8 மிச்சம், ரெண்டாவதுக்கு 4.4. ஒவ்வொரு தடவை கேபிள் வெட்டுப்படும்போதும் நடுவில் ஒரு துண்டு வெச்சு ரெண்டு புது ஜாயின்ட் போடுவாங்க, அதனால மிச்சம் வருஷா வருஷம் கொஞ்சம் கரையும். இருந்தாலும் 4.4 ரொம்ப நாள் வரும்.

இழப்பு ரிப்போர்ட் நியாயமாத்தான் இருக்கு. கண்ணாடி கிலோமீட்டருக்கு 0.2, ஆக 58-க்கு 11.6. மீதி 3.6 ஜாயின்ட்டுக்கும் ரெண்டு முனை ஓடிஎஃப் (ஃபைபர் வந்து முடியற பெட்டி) பேட்சுக்கும். ரெண்டாவதும் அதே மாதிரிதான். டிஸ்பர்ஷனும் (ஒளித் துடிப்பு போகப் போக அகலமாறது) இசட்ஆர் தாங்கற எல்லைக்குள்ளதான், 74 கி.மீ.க்கு கிலோமீட்டருக்கு 17 வெச்சா நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1260 பிகோசெகண்ட்.

இன்னொரு விஷயம், சர்வர்காரங்க அதிகமா மாட்டற இடம். இசட்ஆர் மாட்யூல் பெட்டி வந்ததும் ஆர்வத்துல ரெண்டையும் மேஜை மேல வெச்சு ஒன்றரை மீட்டர் பேட்ச் கார்டுல இணைச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. +4 டிபிஎம் நேரா உள்ள போகும், அந்த ரிசீவர் தாங்கறது −7 வரைதான். சில மாட்யூல் அன்னைக்கே செத்துடும், சிலது அரை உயிரா இருந்து லைனில் போட்டப்புறம் கழுத்தை அறுக்கும். நடுவில் 15 டெசிபெல் அட்டனுவேட்டர் (ஒளியைக் குறைக்கிற சொருகி) ஒண்ணு சொருகுங்க, அப்புறம் எவ்வளவு வேணா டெஸ்ட் பண்ணுங்க. உண்மையான லைனில் அட்டனுவேட்டர் வேண்டாம், 58 கிலோமீட்டரே அந்த வேலையைச் செய்யுது.

தாமதம். கண்ணாடிக்குள்ள வெளிச்சம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஒரு வழிக்கு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட். போய் வர 58 கி.மீ.க்கு 0.58 மில்லிசெகண்ட், 74-க்கு 0.74. பிங் அடிச்சுப் பார்த்துட்டு "ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மிதானே"ன்னு எல்லாரும் கை குலுக்குவாங்க.

இப்போ கேட்வே அம்பத்தூர்லயே இருக்கும்னீங்களே, அதை இதோட சேர்த்துப் பாருங்க. ஈஆர்பி ஆப் விஎம் சிறுசேரிக்குப் போயிடுச்சு, டேட்டாபேஸ் விஎம்மும் அதே ரேக்குக்குப் போயிடுச்சு, ரெண்டும் வேற வேற விலேன். ஆப் கேட்கிற கேள்வி சிறுசேரியிலிருந்து கிளம்பி கேட்வே தேடி அம்பத்தூர் போய், திரும்ப சிறுசேரிக்கு வந்து, பக்கத்து யூனிட்டில் இருக்கிற டேட்டாபேஸைத் தொடும். பதிலும் அதே சுற்று. கைக்கெட்டற தூரத்துல இருக்கிற ரெண்டு மெஷினுக்கு நடுவில் 1.16 மில்லிசெகண்ட். ஈஆர்பியில மாசக் கடைசி ரிப்போர்ட் ஒண்ணொண்ணா 20,000 குவரி அடிக்கும்னு வெச்சுக்கங்க, வெறும் பயணத்துக்கே 23 நொடி கூடுது. யாரும் நெட்வொர்க்கைக் குறை சொல்ல மாட்டாங்க, "புது டேட்டா சென்டர் ஸ்லோ"ன்னு சொல்வாங்க. டிக்கெட் உங்க பேர்லதான் வரும்.

ஆனா என் கவலை வேகம் பத்தி இல்லை.

ஈதர்நெட் ஃப்ரேமுக்கு (சுவிட்ச் கடத்தற டேட்டா துண்டு) ஆயுள் எண்ணிக்கை கிடையாது. ஐபி பேக்கெட்ல ஒவ்வொரு ரூட்டர்லயும் ஒண்ணு குறைஞ்சு பூஜ்யம் ஆனதும் செத்துடும். ஃப்ரேம் அப்படி இல்லை. லூப் விழுந்தா எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் ஃப்ரேம் ஒரே ஒண்ணு, லிங்க் நிரம்பற வரைக்கும் சுத்தும், பெருகும். 10ஜி லிங்க் சின்ன ஃப்ரேமால நிரம்பினா நொடிக்கு ஒரு கோடியே 48 லட்சம். அந்த விலேனில் இருக்கிற ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்த்தாகணும். அதுக்குள்ள சுவிட்சோட சிபியு மூச்சு முட்டி, ஸ்பானிங் ட்ரீ பேக்கெட்டையே கவனிக்க நேரமில்லாம, மூடி வெச்ச போர்ட்டையும் திறந்து விட்டுடும். காவல்காரனே கதவைத் திறந்த கதை. லூப் எப்படி விழும்னு கேட்டா, பெரிய சதியெல்லாம் தேவையில்லை. சிறுசேரியில ஒரு கான்ட்ராக்டர் தன் லேப்டாப்புக்காக ஒரு எட்டு போர்ட் மலிவு சுவிட்சை ரேக்குக்குள்ள வெச்சு, தொங்கிட்டிருக்கிற கேபிளோட மறுமுனையையும் அதுலயே சொருகினா போதும். நீங்க 34 விலேனையும் நீட்டியிருந்தா அந்த நிமிஷம் அம்பத்தூரும் காலி. ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஃப்யூஸ் வெச்சுட்டு, "எங்களுக்கு ரெண்டு வீடு இருக்கு"ன்னு சொல்ற மாதிரி.

பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனை, 2002 நவம்பர். நெட்வொர்க் கிளைகிளையா வளர்ந்து, ஸ்பானிங் ட்ரீ கணக்கு வெச்ச எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. அந்த நெறிமுறையோட இயல்பு டைமர் எல்லாம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஏழு சுவிட்சுக்கு மேல போகாதுன்னு வெச்சுப் போட்டது. நெட்வொர்க் சுருண்டு விழுந்து, ஏறக்குறைய நாலு நாள் டாக்டர்களும் நர்சுகளும் காகிதச் சீட்டுல ஓட்டினாங்க. நாதன் சார் சைட்ல எல்லாம் நல்லா ஓடுதுன்னா சந்தோஷம். லூப் விழாத வரைக்கும் எல்லா சைட்டும் நல்லாத்தான் ஓடும்.

அதனால ரேக்_காவலன், எனக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, 34 விலேன்ல நிஜமா "ஒரே சப்நெட்லதான் (ஐபி முகவரித் தொகுதி) இருப்பேன்"னு அடம் பிடிக்கிறது எது எது? மேனேஜரைக் கேக்காதீங்க, ஒவ்வொரு ஆப் டீமையும் தனித்தனியா கேளுங்க. "ஐபி மாத்தினா என்ன உடையும்?"னு கேளுங்க. ரெண்டு, ரெண்டு ஃபைபர் கம்பெனியிடமும் பாதை வரைபடக் கோப்பு வாங்கி கூகுள் எர்த்தில ஒண்ணு மேல ஒண்ணா போட்டுப் பாருங்க. கம்பெனி ரெண்டுன்னா டக்ட்டும் (மண்ணுக்குள்ள கேபிள் போற குழாய்) ரெண்டுன்னு அர்த்தமில்லை. ஐபி-1 கம்பெனிகள் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாடகைக்கு எடுக்கிறது இங்க சகஜம்.

கோரம்_அக்கா:

ஸ்ப்ளைசர் அண்ணன் சொன்னது நெட்வொர்க் பக்கம். நான் டேட்டாபேஸ் பக்கத்துலேர்ந்து ஒண்ணு கேட்கிறேன்: ரெண்டு லிங்கும் ஒரே நேரத்தில் போச்சுன்னா, எந்தப் பக்கம் உயிரோட இருக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?

ஒரே சப்நெட்டை ரெண்டு பக்கமும் நீட்டியிருக்கீங்க, 10.20.30.0/24 ரெண்டு இடத்திலும் இருக்கு. லிங்க் அறுந்தது. பயனாளிகள் அம்பத்தூர் வழியா உள்ளே வந்தா சிறுசேரியில இருக்கிற பாதி விஎம் காணோம். சிறுசேரி வழியா வந்தா மீதிப் பாதி காணோம். ரூட்டர் ரெண்டும் "இந்த சப்நெட் என்கிட்டதான்"னு சத்தியம் பண்ணும். டேட்டாபேஸ் கிளஸ்டர்ல (ஒரே டேட்டாவைச் சேர்ந்து ஓட்டற சர்வர் கூட்டம்) ரெண்டு நோடு, பக்கத்துக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் மத்தது செத்துடுச்சுன்னு நினைச்சு தானே பிரைமரி (புது டேட்டாவை எழுதிக்கிற முதன்மை) ஆகிக்கும். ரெண்டிலும் பில் போடுவாங்க. லிங்க் திரும்பி வரும்போது ஒரே பில் நம்பர்ல ரெண்டு பில். அதைச் சரி பண்றது நெட்வொர்க் வேலை இல்லை, அக்கவுண்ட்ஸ்ல நாலு பேரை உட்கார வெச்சு கையால ஒத்துப் பார்க்கிற வேலை.

பெரிய இடத்துக்கும் இது நடக்கும். 2018 அக்டோபர் 21, நிரல் சேமிக்கிற தளமான கிட்ஹப். பழுதாகிட்டிருந்த ஒரு 100ஜி ஆப்டிகல் கருவியை மாத்தற வழக்கமான பராமரிப்பு வேலை. அமெரிக்கக் கிழக்குக் கரையில அவங்க நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் நடுவில் தொடர்பு போனது வெறும் 43 நொடி. அதுக்குள்ள தானியங்கி ஃபெயிலோவர் (பழுதானா மாத்தி விடற ஏற்பாடு) மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பிரைமரிகளை மேற்குக் கரைக்கு மாத்திடுச்சு. கிழக்கில் கடைசி சில நொடி எழுதினது மேற்குக்குப் போய்ச் சேரலை, மேற்கில புதுசா எழுத ஆரம்பிச்சாச்சு. ரெண்டையும் பத்திரமா ஒட்ட வைக்க சேவை 24 மணி 11 நிமிஷம் நொண்டினது.  43 நொடிக்கே அந்த நிலைமை.

மூணாவது இடம் ஒண்ணு வேணும், சாட்சி சொல்ல. அதுல டேட்டா எதுவும் வேண்டாம், ஓட்டு மட்டும் போடும். ஒரு சின்ன விஎம் போதும், ஆனா அம்பத்தூரையும் சிறுசேரியையும் அது வேற வேற பாதையில பார்க்கணும். விஎஸ்ஏஎன் (விஎம்வேரோட பகிர்வு ஸ்டோரேஜ்) நீட்சி கிளஸ்டர் போடறீங்கன்னா ரெண்டு சைட்டுக்கு நடுவில் போய் வர 5 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும், சாட்சிக்கு 200 வரை தாங்கும். சாட்சியை ரெண்டு சைட்ல ஒண்ணுலயே வெச்சுடாதீங்க. எத்தனை பேர் வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, மேலிடத்துல இதை "டிஆர்" (பேரிடர் வந்தா மாறிக்கிற இடம்)னு எழுதி வெச்சிருந்தா திருத்தச் சொல்லுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ள தண்ணி நின்னது. அதே மழைதான் ஓஎம்ஆர்லயும் பெய்தது. பங்குச்சந்தைகளுக்கு செபி வெச்ச விதியைப் பாருங்க: டிஆர் வேற நில அதிர்வு மண்டலத்துல இருக்கணும், முடியலைன்னா குறைஞ்சது 500 கி.மீ. தள்ளி. டேட்டா இழப்பு வராம இருக்க பக்கத்துல தனியா ஒரு இடம். உங்க சிறுசேரி அந்தப் பக்கத்து இடம்தான். நல்ல விஷயம்தான், ஆனா அதோட பேர் டிஆர் இல்லை.

ரேக்_காவலன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கேட்ட விவரத்தோட வர்றேன்.

ஆப் டீம்களைத் தனித்தனியா கேட்டேன். 34-ல் பெரும்பாலானது பழக்கத்தால் அங்கே இருக்கு, அவ்வளவுதான். டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்ற பட்டியல்) பெயரை மாத்தினா போதும்னு சொல்லிட்டாங்க. சிலது யாருதுன்னே தெரியலை. பிங் பண்ணா பதில் வருது, சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. கடைசியில் அடம் பிடிக்கிறது மூணு. ஒண்ணு டேட்டாபேஸ் கிளஸ்டர், அதோட மிதக்கும் ஐபி (பிரைமரி எங்கேயோ அங்கே போற முகவரி). ரெண்டாவது, ஒரு பழைய லைசென்ஸ் சர்வர். ஐபியைப் பார்த்துத்தான் லைசென்ஸ் கொடுக்கும், எழுதின கம்பெனி இப்போ இல்லை. மூணாவது, செங்குன்றம் குடோனில் இருக்கிற பார்கோடு ஸ்கேனர்கள். ஒவ்வொண்ணிலும் சர்வர் ஐபியை கையால அடிச்சு வெச்சிருக்காங்க, மாத்தணும்னா ஒவ்வொண்ணையும் கையில எடுத்து மெனுவுக்குள்ள போகணும்.

பாதை விஷயம் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வரைபடத்தைப் போட்டுப் பார்த்தா கோயம்பேடு பாதையும் பைபாஸ் பாதையும் நம்ம டேட்டா சென்டர் வாசல் சேம்பரிலிருந்து (கேபிள் குழி) எஸ்டேட் ரோடு முழுக்க, முகப்பேர் மேற்கு வரைக்கும் ஒரே கோடு. ஒருத்தர் டக்ட்டை இன்னொருத்தர் வாடகைக்கு எடுத்திருக்காங்க. சிறுசேரி பக்கம் பரவாயில்லை, ஒண்ணு வடக்கேயிருந்து நாவலூர் வழியா வருது, இன்னொண்ணு தெற்கே கேளம்பாக்கத்திலிருந்து.

எல்ஏசிபி பத்தி மட்டும் பதில் வரலையே சார்?

நெட்வொர்க்_நாதன்:

பாஸ், ஒரு நியாயமான கேள்வி. இவர் கம்பெனியில நெட்வொர்க் பார்க்க எத்தனை பேர் இருப்பாங்க? இவரும் இன்னொருத்தரும். இவிபிஎன் போட்டுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு உடைஞ்சா யார் பார்ப்பாங்க? ட்ரங்க்னா எனக்குப் புரியும், கேபிளைப் பிடுங்கிப் போட்டா சரியாகும். எளிமையா இருக்கிறதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு.

பழைய_ஸ்ப்ளைசர்:

நாதன் சார் கேட்டது சரியான கேள்வி. நான் சொல்ற பதில் இன்னும் எளிமையான பக்கம் போகும்: நீட்டாம இருக்க முடிஞ்சா நீட்டாதீங்க. ரெண்டு சைட்டுக்கும் நடுவில் சாதாரண ரூட்டிங். அதை ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துலயும் பார்க்கலாம். சிறுசேரிக்குப் புது சப்நெட், பெயர் வழியா ஓடற ஆப்பை எல்லாம் அதுல எழுப்பி, டிஎன்எஸ் ஆயுளை (பழைய பதிலை மத்தவங்க நினைவில் வைக்கிற நேரம்) முன்கூட்டியே 60 நொடிக்குக் குறைச்சு வெச்சுட்டு மாத்துங்க. 34-ல 31 இப்படிப் போயிடும்.

மீதி மூணுல பார்கோடை இப்போதைக்கு நீட்டலாம், ஆனா ஒரு பையனை குடோனுக்கு அனுப்பி ஐபிக்குப் பதிலா பெயர் போடச் சொல்லுங்க. அந்த ஸ்கேனர் பெயர் ஏத்துக்கலைன்னா அந்த சர்வர் முன்னாடி ஒரு லோட் பேலன்சர் ஐபி வைங்க. லைசென்ஸ் சர்வரை நகர்த்தணுமான்னே யோசிங்க. அம்பத்தூர்லயே கிடக்கட்டும், சிறுசேரி ரூட்டிங்ல அதைப் பார்த்துக்கும். ஆக நிஜமா நீட்ட வேண்டியது டேட்டாபேஸ் விலேன் ஒண்ணு, தற்காலிகமா பார்கோடு ஒண்ணு.

அந்த ரெண்டுக்கும் எப்படிப் போடறதுன்னா: ரெண்டு ஃபைபர் மேலயும் ட்ரங்க் கிடையாது. ஒவ்வொண்ணும் தனித்தனி ரூட்டட் லிங்க், ஆளுக்கு ஒரு /31 (ரெண்டே ஐபி உள்ள சப்நெட்). மேல பாதை சொல்லிக்க பிஜிபியோ ஓஎஸ்பிஎஃபோ, உங்களுக்குப் பழக்கமானது. பிஎஃப்டி (லிங்க் உயிரோட இருக்கான்னு பார்க்கிற நெறிமுறை) 300 மில்லிசெகண்ட், மூணு தவறினா லிங்க் போச்சுன்னு எடுத்துக்கும், ஒரு நொடிக்குள்ள ட்ராஃபிக் அடுத்த பாதைக்கு மாறும். 58-ம் 74-ம் சமமா எடை போட்டா ரெண்டிலும் பிரிஞ்சு போகும். இதுதான் உங்க எல்ஏசிபி கேள்விக்கும் பதில்: அதுலயும் நீளம் வேறன்னு பிரச்சனை வராது, ஏன்னா ஒரு உரையாடல் முழுக்க ஒரே லிங்கில்தான் போகும், பேக்கெட் வரிசை கலையாது. ஆனா ரூட்டட் லிங்க் இருக்கும்போது எல்ஏசிபி தேவையே இல்லை. போட்டே ஆகணும்னா டைமரை ஃபாஸ்ட்டில் வைங்க. ஸ்லோவில் விட்டா, போர்ட் கீழே விழாம கோளாறு வந்தா, கண்டுபிடிக்க 90 நொடி. ஃபாஸ்ட்டில் 3.

அந்த ஐபி பாதை மேல விஎக்ஸ்லேன் டன்னல், மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) சொல்லிக்க இவிபிஎன். 2014-ல வந்த ஆர்எஃப்சி 7348, 2015-ல வந்த 7432, ரெண்டும் பழகிப் போன சங்கதிதான். உங்க கோர் சுவிட்சில விஎக்ஸ்லேன் சிப்பிலேயே இருக்கான்னு மட்டும் பாருங்க, சாஃப்ட்வேர்ல ஓட்டற சுவிட்சா இருந்தா வேண்டாம். ரெண்டு விலேனுக்கும் கேட்வே ரெண்டு பக்கமும் இருக்கணும், அதே ஐபி, அதே மேக். அப்போ அம்பத்தூர் போய் வர்ற வீண் அலைச்சல் நிக்கும். ஏஆர்பி சப்ரஷன் (ஐபிக்கு மேக் கேட்கிற கூப்பாட்டுக்குப் பக்கத்து சுவிட்சே பதில் சொல்றது) போடுங்க, பாதி பிராட்காஸ்ட் லிங்கைத் தாண்டாது. சர்வர் போர்ட்ல எல்லாம் ஸ்டார்ம் கன்ட்ரோல் (பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு உச்சவரம்பு). ஸ்பானிங் ட்ரீ அந்தந்த கட்டடத்துக்குள்ள நிக்கும், ஃபைபரைத் தாண்டாது. சிறுசேரியில அந்தக் கான்ட்ராக்டர் கேபிளைச் சொருகினா சிறுசேரி மட்டும் கஷ்டப்படும். இது லூப்பே வராதுன்னு உத்தரவாதம் இல்லை. நீட்டின விலேன்ல விழுந்தா கொஞ்சம் இந்தப் பக்கமும் கசியும். 34-க்குப் பதில் ரெண்டு கசியுது.

நீங்களும் உங்க கூட இருக்கிறவரும் இதைக் கையில எடுக்கத் தயாரில்லைன்னா, டேட்டாபேஸ் கிளஸ்டரையும் ரூட்டிங்ல ஓட்ட முடியுமான்னு அக்காவைக் கேளுங்க. பாதி கிளஸ்டருக்கு ரெண்டு சப்நெட் இப்போ ஒத்துக்கும்.

இனி ஃபைபர். முகப்பேர் வரைக்கும் ஒரே டக்ட்னா உங்களுக்கு ரெண்டு பாதை இல்லை, ஒன்றரைப் பாதை. அந்தத் துண்டுக்கு மட்டும் வேற டக்ட் கேளுங்க. எஸ்டேட் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போற டக்ட் வேற யாருடையதாவது இருக்கும், கட்டடத்துக்கு ரெண்டாவது நுழைவும் இருக்கணும். குத்தகைப் பத்திரத்துல "வேறுபட்ட பாதை"ன்னு வாயால சொன்னது போதாது, எங்கேயும் இத்தனை மீட்டருக்குள்ள ரெண்டும் சேரக்கூடாதுன்னு எழுத்துல வாங்குங்க. முதல் பாதை போற இடத்தையும் பாருங்க. மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல ரெண்டு வழித்தடம் கோயம்பேட்டையும் சோழிங்கநல்லூர்–சிப்காட் பகுதியையும் தொடுது. பொக்லைன் நிக்கிற ரோடு.

வெட்டுப்பட்டா என்ன நடக்கும்னும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஓடிடிஆர் (ஒளி அனுப்பி வெட்டு எங்கேன்னு அளக்கிற கருவி) "41.3 கி.மீ.ல உடைஞ்சிருக்கு"ன்னு காட்டும். அது கண்ணாடியோட நீளம், ரோட்டு நீளம் இல்லை. ஒவ்வொரு ஜாயின்ட் சேம்பர்லயும் பத்துப் பதினைஞ்சு மீட்டர் சுருட்டி வெச்சிருப்பாங்க, கேபிளுக்குள்ள இழையும் லேசா முறுக்கித்தான் ஓடும். அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஓடிடிஆர்ல எந்தத் தூரத்துல தெரியுதோ அந்தப் பட்டியலை இப்பவே ரெண்டு கம்பெனியிடமும் வாங்கி வைங்க. "41.3"ன்னா "சோழிங்கநல்லூர் சேம்பருக்கு 300 மீட்டர் தெற்கே"ன்னு நீங்களே சொல்லலாம். அது இல்லாம மழையில மூணு பேர் மூடி மூடியா திறந்து பார்த்துட்டு நடப்பாங்க.

அப்புறம் உங்க ஜோடி எந்த ட்யூப்லன்னு (கேபிளுக்குள்ள இழைகளைக் கட்டா வெச்ச கலர் குழல்) கேளுங்க. 96 இழை கேபிள் அறுந்தா ஒரே நேரத்துல ஒட்ட முடியாது. தார்ப்பாய்க்குக் கீழ உட்கார்ந்து ஒவ்வொரு இழையா உரிச்சு, துடைச்சு, நறுக்கி, மெஷின்ல வெச்சு மூடினா சில நொடி நீல வெளிச்சம், திரையில 0.02-ன்னு இழப்பு மதிப்பு வரும், அப்புறம் அடுத்தது. வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்புன்னு ட்யூப் கலர்ல போகும், மேலேர்ந்து போன் வந்தா மட்டும் மாறும். நீங்க கடைசி ட்யூப்ல இருந்தா, "லைன் வந்துடுச்சாமே, எங்களுக்கு மட்டும் ஏன் வரலை"ன்னு கேட்டுட்டிருக்கிற வாடிக்கையாளர் நீங்கதான். முதல் ட்யூப்ல இடம் காலி இருந்தா இப்பவே மாத்தச் சொல்லுங்க, குத்தகை கையெழுத்தாகிற நேரத்துலதான் அவங்க எதுக்கும் சரின்னு சொல்வாங்க.

கோரம்_அக்கா:

கிளஸ்டரை ரெண்டு சப்நெட்ல ஓட்ட முடியுமான்னா, பெரும்பாலும் முடியும். மிதக்கும் ஐபிக்குப் பதிலா ஆப்புக்கு ரெண்டு முகவரியும் கொடுக்கணும், அதோட கனெக்ஷன் வரியில ரெண்டையும் முயற்சி பண்ணற அமைப்பு இருக்கான்னு பாருங்க. எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்புன்னு தனிச்செய்தியில அனுப்புங்க. சாட்சியை எங்க வைக்கப் போறீங்க?

ரேக்_காவலன்:

கோயம்புத்தூர் கிளை அலுவலகத்தில் ஒரு சின்ன சர்வர் இருக்கு அக்கா. அங்கேயிருந்து ரெண்டு சைட்டுக்கும் தனித்தனி இன்டர்நெட் லைன் மேல விபிஎன். இந்த ஃபைபர் எதையும் தொடாது.

ஸ்ப்ளைசர் சார், மேஜையில் அட்டனுவேட்டர் வெச்சு ரெண்டு சுவிட்சுக்கு நடுவில் சோதனை போட்டேன். டன்னல் ஏறிடுச்சு, நீட்டின விலேனில் பிங் ரெண்டு பக்கமும் போகுது. ஈஆர்பி லாகின் பக்கம் வருது. ஆனா ரிப்போர்ட் அழுத்தினா அப்படியே சுத்திட்டே நிக்குது, எரர் கூட வரலை. எஸ்எஸ்எச் உள்ளே போகுது, பெரிய கோப்புறையை லிஸ்ட் பண்ணா உறைஞ்சுடுது. ஃபயர்வாலா இருக்குமோ?

பழைய_ஸ்ப்ளைசர்:

ஃபயர்வால் இல்லை, எம்டியு (லிங்க் ஏத்துக்கிற அதிகபட்ச பேக்கெட் அளவு). விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பேக்கெட் மேலயும் 50 பைட் உறை போடுது. 1500 பைட் உள்ளே வந்தா வெளியே 1550. உங்க /31 லிங்க் இன்னும் 1500-லயே நிக்குது, அதனால சின்னதெல்லாம் போகும், பெரியது சத்தமில்லாம விழும். லாகின் பக்கம் சின்னது, ரிப்போர்ட் பெரியது.

ரெண்டு பக்கமும் ஃபைபர் போர்ட்ல எம்டியுவை 9216 ஆக்குங்க, நடுவில் வேற சுவிட்ச் எதாவது இருந்தா அதிலயும். அப்புறம் ஒரு சுவிட்சோட டன்னல் முகவரியிலிருந்து இன்னொண்ணுக்கு, துண்டாக்கக் கூடாதுங்கிற கொடியைப் போட்டு, 1522 பைட் பிங் அடிங்க. 28 தலைப்போட சேர்ந்து சரியா 1550 வரும். அது போச்சுன்னா ரிப்போர்ட்டும் வரும். ஃபைபர்ல ஏத்தினப்புறம் ரெண்டு பாதையிலும் இதையே அடிங்க, ஒவ்வொரு தடவையும் மத்த லிங்கை ஷட் பண்ணிட்டு. ரெண்டும் திறந்திருந்தா பிங் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாது.